பேய்க்கு வெள்ளை லைட்டு

ஐயையோ, அந்த முனையில உக்காராதீங்க சார், அது ஆடும். போன வாரம் ஒரு அம்மா அப்படியே சறுக்கிக் கீழ உக்காந்துட்டாங்க. படத்துல பயந்ததை விட இந்த பெஞ்சுலதான் அதிகமா பயந்தேன்னு சொல்லிட்டுப் போனாங்க. நடுவுல வாங்க. ஆங், அவ்ளோதான். நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். காலைலேர்ந்து ஏணியில ஏறி எறங்கி முட்டி ரெண்டும் விட்டுப் போச்சு. மேல ஙொய்ங்னு கேக்குதே, அது ஒண்ணுமில்ல, இந்த டியூப் லைட்டு. பழசு. மாத்திடறேன்னு எவ்வளவோ சொன்னேன், மாத்தக் கூடாதாம். அதுவும் கண்காட்சியில ஒரு பொருளாம். நல்லா இருக்கு கதை.

நானா? நான் இங்க லைட் ஆளு சார். உள்ள ஓடற படத்துக்கு லைட் போட்டது நான்தான். தினம் காலைல வந்து இங்க எல்லாத்தையும் போடறதும், சாயங்காலம் அணைக்கறதும் நான்தான்.

உங்களை மூணு நாளா பாக்கறேன். முந்தாநாள் வந்தீங்க, நேத்து வந்தீங்க, இன்னிக்கும் வந்துட்டீங்க. இதே பெஞ்சுல உக்காருறீங்க, எதிர இருக்கற கறுப்புத் திரையைப் பாக்கறீங்க, நாலே முக்கால் ஆனா எந்திரிச்சுப் போயிடறீங்க. படம் திரைக்கு அந்தப் பக்கம் ஓடுது சார். இது சும்மா வெளிச்சம் உள்ள போகாம இருக்கத் தொங்கவிட்ட துணி. துணியை மட்டும் மூணு நாள் பாத்த ரசிகர் நீங்க ஒருத்தர்தான்.

அட, சிரிக்கறீங்க. அப்பாடா. சிரிக்கத் தெரியாதோன்னு நெனச்சேன்.

விஷயம் இதுதான். இன்னிக்குக் கடைசி நாள். அஞ்சு மணிக்கு மூடினா மூடினதுதான். பசங்க ரெண்டு பேரும் வண்டி கொண்டாந்து எல்லாத்தையும் கழட்டி ஏத்திடுவாங்க. படம் இருபத்திரெண்டு நிமிஷம். முடிஞ்சதும் தானா மறுபடி ஆரம்பிக்கும். இப்ப மணி நாலு அஞ்சு. கடைசி ஆட்டம் நாலு முப்பத்தாறுக்கு. அதுக்கு உங்களை உள்ள அனுப்பிடணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். ஒளிவு மறைவெல்லாம் நமக்குக் கிடையாது, நேராவே சொல்லிட்டேன்.

இருங்க, இருங்க. இப்ப வரும் பாருங்க... கேட்டுச்சா? இந்த வெளிச்சத்துல நிக்காத, போ. மொத்தப் படத்துக்கும் வசனம் அது ஒண்ணுதான். பதினாலாவது நிமிஷத்துல வரும். எனக்கு மணி பாக்கவே வேண்டாம், இந்தக் குரல் வந்துச்சுன்னா இன்னும் எட்டு நிமிஷத்துல அடுத்த ஆட்டம்னு அர்த்தம்.

எங்கயோ கேட்ட குரலா இருக்கா? ம்... பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க. யாரோடதுன்னு அப்புறம் சொல்றேன். அதை இப்பவே சொல்லிட்டா நீங்க கெளம்பிடுவீங்க. இந்தாங்க, கண்ணாடியைச் சட்டை நுனியில தொடைக்காதீங்க, கீறல் விழும். லென்ஸ் தொடைக்கற துணி இது, பஞ்சு மாதிரி இருக்கும். வெச்சுக்கங்க.

பயமா இருக்குமான்னா, இருக்கும். பொய் சொல்லி உள்ள அனுப்ப மாட்டேன். பேய் அறைஞ்ச மாதிரி வெளிய வர்றவங்க இருக்காங்க. ஒரு தடியன், கை ஒவ்வொண்ணும் என் தொடை அளவு இருக்கும், வெளிய வந்து அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு, அண்ணே கொஞ்சம் தண்ணி கெடைக்குமான்னான். ஆனா பேய்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு வர்றது, பல்லை நீட்டிக்கிட்டு வர்றது, அதெல்லாம் கிடையாது. ஒரு வீடு. வீட்டுல ஒரு சாமி ரூம். அதுல ரெண்டு பசங்க உக்காந்திருக்காங்க. அவங்கதான் முக்கியமான ஆளுங்க.

ஆமா, ரெண்டும் ஆம்பளைப் பசங்கதான். ஒருத்தன் மேல ஒருத்தனுக்குப் பிரியம். கூட்டாளிப் பிரியம் இல்ல சார், நமக்கு நம்ம வீட்டுக்காரம்மா மேல இருக்கே, அந்தப் பிரியம். என்னடா இந்த ஆளு பட்டுனு போட்டு ஒடைக்கறாரேன்னு பாக்கறீங்களா? எனக்கும் இப்படிச் சொல்ல வாய் வர்றதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. இப்ப வந்துடுச்சு, அதனால பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன். புதுச் செருப்பு வாங்கினவன் வீட்டுக்குள்ளயும் போட்டுக்கிட்டு நடப்பானே, அந்த மாதிரி.

நம்ம தொழில் அடிப்படையில இதுவே இல்ல. முப்பத்தோரு வருஷம் பக்தி நாடகத்துக்கு லைட் போட்டவன் நான். எங்க குழு போகாத ஊர் கிடையாது. லைட்ல எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சாமி வந்தா மேல இருந்து வெள்ளை. அரக்கன் வந்தா முன்னாடி சிவப்பு, காலடியில இருந்து பச்சை. காதல் காட்சின்னா ரோஸ். சாவுன்னா நீலம். கலர் பேப்பரை வெட்டித் தகர பிரேம்ல சொருகி லைட்டு மூஞ்சியில மாட்டிட்டா ஆச்சு. என் கை தூக்கத்துலயும் தப்பாது.

ஒரே ஒரு தடவை தப்புச்சு. அதைச் சொல்லியே ஆகணும். அரக்கன் வேஷக்காரர் அன்னிக்கு வயித்துக்கடுப்புல நெளிஞ்சுக்கிட்டிருந்தார். எந்தப் பக்கம் வரணும்னே தெரியாம, சாமி வர வேண்டிய பக்கமா மேடைக்குள்ள வந்துட்டார். நானும் அந்தப் பக்கம் ஆள் தலை தெரிஞ்சதும் சாமின்னு நெனச்சு வெள்ளையைத் தூக்கிட்டேன், ஆயிரம் வாட்ஸ், உச்சந்தலையில. பாத்தா கொம்பு வெச்ச ஆளு நிக்கறார்! தொலைஞ்சோம், ஜனங்க கல்லைத் தூக்கி அடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். என்ன நடந்துச்சு தெரியுமா? மொத வரிசையில ஒரு அம்மா எந்திரிச்சுக் கைகூப்பிட்டாங்க. பின்னாடி மொத்தக் கூட்டமும் எந்திரிச்சுக் கும்பிடுது! கொம்பையும் பல்லையும் ஒருத்தரும் பாக்கல. லைட்டைப் பாத்துக் கும்பிட்டுட்டாங்க. அந்த மனுஷன் அதுலேர்ந்து தெனம் எனக்கும் வெள்ளை போடுய்யான்னு உசுரை வாங்கிட்டார்.

நாங்க அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம். வெள்ளை லைட்டுல நின்னுக்கிட்டு எவன் என்ன சொன்னாலும் ஜனங்க நம்பிடுவாங்கன்னு எனக்கு அன்னிக்கே ஒறைச்சிருக்கணும். ஒறைக்கல.

சரி, படத்துக்கு வர்றேன். எடுத்தது என் பையன். ஆமா சார், பெத்த பையன். அவன் பண்றது சினிமாவான்னா இல்ல, நாடகமான்னா இல்ல. டிவியில போட மாட்டானாம், தியேட்டர்ல போட மாட்டானாம், இந்த மாதிரி ஒரு இருட்டு ரூம்லதான் போடுவானாம். வீடியோவிலயே சித்திரம் போடற மாதிரின்னு வெச்சுக்கங்க. எனக்கும் அவ்ளோதான் தெரியும்.

ஏழு வருஷம் அவனும் நானும் பேசல. ஏன்னு அப்புறம் வரும். அவங்க அம்மா மட்டும் பேசிக்கிட்டு இருந்தா. எனக்குத் தெரியாமயாம்! பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டு, கொழாயைத் தொறந்து விட்டு, தண்ணிச் சத்தத்துல போன் பேசறது. ஒரு நாளைப் போல மத்தியானம் டேங்க் காலி. நான் எங்கயோ லீக்குன்னு பிளம்பரைக் கூட்டிட்டு வந்தேன். அவன் வீடு பூரா தட்டிப் பாத்துட்டு, லீக்கே இல்லீங்களேன்னான். அடுத்த மாசம் மறுபடி கூப்பிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். மூணாவது தடவைதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. புரிஞ்சும் நான் ஒண்ணும் கேக்கல. பெரிய டேங்கா மாத்தி வெச்சேன்.

நீங்க சிரிச்சா நல்லா இருக்கு சார்.

போன வருஷம் ஒரு நாள் அவனே போன் பண்ணினான். அப்பான்னு கூப்பிடல. எனக்கு ஒரு லைட் ஆளு வேணும், பழைய மாதிரி கையால லைட் போடத் தெரிஞ்ச ஆளு வேணும், வருவீங்களான்னான். நான் மேல கீழ பாக்காம வர்றேன்னுட்டேன். எங்க எடுக்கப் போறன்னு கேட்டேன். உங்க வீட்டுலன்னான். உங்க வீடாம்! போனை வெச்சுட்டு மாடிப்படியில உக்காந்து அழுதேன். வெக்கமெல்லாம் இல்ல, நல்லா சத்தமாவே அழுதேன். அவங்க அம்மா கொழாயை மூடிட்டு ஓடி வந்து, என்னாச்சுங்கறா.

படத்துல ரெண்டு பசங்கன்னு சொன்னேனே, ஒருத்தன் என் பையன். இன்னொருத்தனை நான் தாடின்னு கூப்பிடுவேன். முன்னாடி தாடி கிடையாது, இப்பதான் காடு மாதிரி வளத்து வெச்சிருக்கான். தங்கமான பையன் சார். எனக்கு ஏணி பிடிக்கறது அவன்தான். நான் மேல நிக்கற வரைக்கும் கையை எடுக்க மாட்டான், மூக்கு அரிச்சாக்கூட எடுக்க மாட்டான். சாப்பிட்ட தட்டைத் தன்னுதையும் கழுவி, என்னுதையும் பிடுங்கிக் கழுவி வெச்சுடுவான். எங்க வீட்டுக்காரம்மா அவனைப் பெத்த புள்ளை மாதிரி வெச்சிருக்கா. பாட்டு மட்டும் பாட விடக் கூடாது. பாடினான்னா லைட்டே மங்கிடும்.

என்ன சார், தண்ணி வேணுமா? வேண்டாமா? சரி.

எடுக்க ஆரம்பிச்ச மொத நாள். சாமி ரூம்ல படத்தையெல்லாம் எடுத்து வெச்சுட்டான் என் பையன். சுவத்துல வெறும் ஆணி மட்டும். போன வாரம் ஒரு புரொபசர் அம்மா நோட்டுப் புத்தகத்தோட வந்தாங்க. அவங்ககூட இவனைக் கேட்டாங்க, இது சாமி சம்பந்தப்பட்ட பேய்ப்படம்தானே, சாமியையே காணோமேன்னு. அவரை இதுல இழுக்காதீங்க மேடம், அன்னிக்கு அவர் ஒண்ணும் சொல்லல, பேசினது பூரா மனுஷங்கதான்னுட்டான். அந்தம்மா அதை எழுதிக்கிட்டாங்க. அப்புறம் என்கிட்ட வந்து, உள்ள இருக்கற சிவப்பு ரத்தமா, பாவமா, ஆசையான்னு கேட்டாங்க. எங்க சாமி ரூம்ல எப்பவும் ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியும். அது ஏன் சிவப்புன்னா, நான் வாங்கப் போன அன்னிக்குக் கடையில சிவப்பு மட்டும்தான் இருந்துச்சு. இதை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது? மூணும்தாங்க மேடம்னுட்டேன்.

ஆங், மொத நாள். நான் போய் என் வேலையைப் பாத்தேன். கதையை ஒரு தடவை கேட்டேன். பசங்க ரெண்டு பேரும் உக்காந்திருப்பாங்க, கதவு தொறக்கும், ஒண்ணு உள்ள வரும்னான். சாமி ரூமாச்சே, வர்றது சாமிதான்னு நெனச்சு மளமளன்னு லைட் வெச்சேன். பசங்களுக்கு முன்னாடி சிவப்பு, காலடியில பச்சை. கதவுப் பக்கம் மேல இருந்து வெள்ளை. வெச்சு முடிச்சு, எப்படிடா இருக்குன்னு பெருமையாத் திரும்பறேன். என் பையன் கேமரா வழியா பாத்துட்டு தாடி பக்கம் திரும்பினான். தாடி கீழ குனிஞ்சு கண்ணாடியைத் தொடைக்கறான். அவனும் சட்டை நுனியிலதான் தொடைப்பான், எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டான்.

அப்பத்தான் நான் என்ன செஞ்சிருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுது. பெத்த புள்ளைக்கு அரக்கன் லைட்டைப் போட்டு வெச்சிருக்கேன். வேணும்னு இல்ல சார், சத்தியமா இல்ல. கைப்பழக்கம். முப்பத்தோரு வருஷக் கை, அது யாரு என்னன்னு கேக்கறது இல்ல.

மாத்துங்கன்னான். உள்ள வர்றது சாமி இல்ல, பேய், அதுக்கு அந்த வெள்ளையே இருக்கட்டும், எங்களுக்குப் பச்சை வேண்டாம், சிவப்பு மட்டும் போதும்னான். பேய்க்கு எப்படிடா வெள்ளை, ஜனங்க சிரிப்பாங்கடான்னேன். அதுக்கு அவன் கோவமே இல்லாம சொன்னான். சிவப்பு பல்பு எரியற வரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் ஆகல, எங்களைக் காட்டிக் குடுத்தது டியூப் லைட்டுதான்னான். நான் ஏணியில ஏறினேன். பச்சையைக் கழட்டிக் கீழ போட்டேன். சிவப்பை எடுத்துக் கண்ணு மட்டத்துக்குக் கொண்டாந்து, மூணு பேப்பர் சேத்து, கன்னத்துல விழற மாதிரி மெதுவா வெச்சேன். அடேயப்பா, ரெண்டு பேர் மூஞ்சியும் எப்படி இருந்துச்சு தெரியுமா! குளிருக்கு அடுப்புப் பக்கத்துல உக்காந்த புள்ளைங்க மாதிரி இருந்துச்சு. முப்பத்தோரு வருஷமா அந்தக் கலரை வீணடிச்சிருக்கேன் சார்.

பேய் வர்ற லைட்டு எப்படின்னா, நம்ம தலைக்கு மேல இருக்கே, இதே டியூப் லைட்டுதான். எங்க வீட்டு சாமி ரூம்லேர்ந்து கழட்டிட்டு வந்தது. ஸ்டார்ட்டரை அரைத் திருகு லூஸா விட்டா டக்குனு எரியாது. மூணு தடவை மின்னித்தான் எரியும். மொத மின்னல்ல பசங்க கையைக் கோத்துக்கிட்டு இருப்பாங்க. ரெண்டாவதுல கை விலகிடும். மூணாவதுல ரெண்டு பேரும் கதவைப் பாக்கறாங்க. அப்புறம் முழுசா எரியும். அதோட சேத்து நான் ஆயிரம் வாட்ஸ் லைட்டு ரெண்டை வெள்ளைப் போர்வையில அடிச்சுத் திருப்பி விட்டேன். வெளிச்சம் ஏறிக்கிட்டே போகும், மூக்கு போயிடும், கண்ணு போயிடும், மூஞ்சியே கரைஞ்சு வெறும் வெள்ளையாயிடும். அதுக்குத்தான் அந்தத் தடியன் தண்ணி கேட்டது.

நடுவுல அம்மாவுக்கு ஒரு காட்சி உண்டு. பாத்ரூம், கொழாய், போன், எல்லாம் நீல லைட்டுல, பேச்சு கேக்காது, தண்ணிச் சத்தம் மட்டும்தான். எங்க சட்டப்படி நீலம் சாவுக்கு. இவன் அதையும் திருப்பிட்டான், வீட்டுல உசுரோட இருந்த ஒரே எடம் அதுதானாம். எங்க வீட்டுக்காரம்மா, அந்த சோகக் காட்சியிலயும், ஏங்க மூஞ்சிக்குக் கொஞ்சம் நல்லா அடிங்கன்னு மூணு தடவை சொல்லிட்டா.

அதோ, மறுபடி வருது... கேளுங்க. இந்த வெளிச்சத்துல நிக்காத, போ.

கையைக் குடுங்க இப்படி சார், நான் பிடிச்சுக்கறேன். இருக்கட்டும், ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு தடவை இந்தக் குரல் வர்றப்பவும் உங்க தோள் தூக்கிப் போடுது. மூணு நாளா பாக்கறேனே. இப்ப நாலு இருபத்தெட்டு. இன்னும் நேரம் இருக்கு.

இந்தக் குரலுக்கு நாங்க பட்ட பாடு இருக்கே! மொதல்ல எங்க குழு அரக்கன் வேஷக்காரரையே கூட்டிட்டு வந்தேன். மைக் முன்னாடி பதினெட்டுத் தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்பு வேற, ஹாஹாஹான்னு. தெரு நாய் ரெண்டு பதில் கொடுத்துச்சு. என் பையன் பொறுமையா, சிரிக்காதீங்கண்ணே, பயமுறுத்தாதீங்கண்ணே, சாதாரணமா சொல்லுங்கண்ணேங்கறான். அக்கறையா சொல்லுங்க, நல்லதுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க, சாமிக்கு வேண்டப்பட்டவர் நான்தான்னு நெனச்சுக்கிட்டு சொல்லுங்கன்னான். அவருக்கு வரல. நாப்பது வருஷம் அரக்கனா இருந்தவருக்கு அந்த அளவு கெட்ட குரல் வரல பாருங்க.

அப்ப நான் ஏணியில நின்னுக்கிட்டு இருந்தேன். அங்கேர்ந்தே சொன்னேன். ஒரே தடவை. எனக்கு ஒத்திகை தேவைப்படல, எட்டு வருஷம் முன்னாடி அதே ரூம்ல அதே டியூப் லைட்டைப் போட்டுட்டு, அதே ரெண்டு பசங்ககிட்ட சொன்ன வசனம்தானே. ஒத்திகை சீக்கிரம் முடிஞ்சு வீட்டுக்கு வந்திருந்தேன் அன்னிக்கு. மத்தியானம் மூணு மணி. சுவிட்சைத் தட்டினேன், மூணு தடவை மின்னிச்சு, பாத்தேன். அவ்ளோதான் நடந்துச்சு. பையன் அந்தக் குரலைக் கொஞ்சம் இழுத்து, அடித்தொண்டைக்குக் கொண்டு போய் வெச்சிருக்கான், அதனால இப்ப நான் பேசறதுக்கும் அதுக்கும் ஒட்டல உங்களுக்கு.

படம் எடுக்கறப்ப என்னாச்சுன்னா, பதிவு பண்ணின வசனம் ஓடுது, வெள்ளை ஏறுது, பசங்க மூஞ்சி கரையுது. என்னால தாங்கல சார். கிடுகிடுன்னு ஏணியில எறங்கிப் போய் சுவிட்சை அணைச்சுட்டேன். அணைச்சப்புறம்தான் ஒறைச்சுது, ஐயோ, ஷாட்டைக் கெடுத்துட்டோமேன்னு. அப்படியே நிக்கறேன், திருட்டு முழி முழிச்சுக்கிட்டு. சிவப்பு பல்பு மட்டும் எரியுது. என் பையன் கட் சொல்லவே இல்ல. உக்காந்த எடத்துலேர்ந்தே நிமிந்து பாத்து, அப்பா, சாப்பிடலாமான்னான். படத்தோட கடைசியில ஒரு கை வந்து டியூப் லைட்டை அணைக்கும், அது என் கைதான். கட்டைவிரல்ல நகம் கறுத்து இருக்கும், பாத்தா தெரியும்.

எந்திரிச்சுட்டீங்களா? இருங்க சார், இன்னும் அரை நிமிஷம். மணி நாலு முப்பத்துமூணு. உங்களுக்கு உள்ள போக மனசு வரலன்னா நான் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டேன். பின்பக்க வாசல் ஒண்ணு இருக்கு, அதோட சாவி என்கிட்டதான். படம் பாத்துட்டு அந்த வழியாவே யார் கண்ணுலயும் படாமப் போகணும்னாலும் போலாம், நான் மூச்சு விட மாட்டேன். நீங்க யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும். தாடி மாதிரியே கண்ணாடியை ரெண்டு தடவை தொடைச்சுட்டுக் கோணலா மாட்டிக்கறவங்க ஊர்ல எத்தனை பேர் இருக்கப் போறாங்க? வாசல்ல ஒட்டியிருக்கற படத்துக்கு முன்னாடி நீங்க கால் மணி நேரம் நின்னீங்க. அதுல என் பையன் இடது பக்கம். நீங்க பாத்தது வலது பக்கத்துல இருக்கறவனை.

நல்லா இருக்கான் சார். அதைத்தான் கேக்கறீங்கன்னு தெரியுது. வேளைக்குச் சாப்பிடறான், நல்லாத் தூங்கறான். உங்களைத் திட்டி ஒரு வார்த்தை பேசினது இல்ல. ஒரு தடவை எனக்கு ஏணி பிடிச்சுக்கிட்டே சொன்னான். எங்கப்பா மோசமானவர் இல்ல, யாரோ போன் பண்ணி அவர்கிட்ட சொல்லிட்டாங்க, நானே சொல்லியிருந்தா ஒருவேளை கேட்டிருப்பார்னு. நான் ஏணியோட மேல் படியில நின்னுக்கிட்டு இருந்தேன். எறங்கவே முடியல.

அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க வீட்டுக்கு ஒரு போன் வந்துச்சு இல்ல? உங்க பையன் என்ன பண்றான்னு தெரியுமா, நல்லதுக்குத்தான் சொல்றேன், அவனை இந்த வெளிச்சத்துல நிக்க விடாதீங்கன்னு? பேர் சொல்லாம வெச்ச போன்? எங்கயோ கேட்ட குரல்னு சொன்னீங்களே. அங்கதான் கேட்டீங்க. என் பையனோட நோட்டுல உங்க வீட்டு நம்பர் இருந்துச்சு.

அடிக்கணும்னா அடிச்சுக்கங்க சார், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ...இதை நான் யார்கிட்டயும் சொன்னது இல்ல. எங்க வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது, பசங்களுக்கும் தெரியாது. எனக்கு என் புள்ளை திரும்பக் கெடைச்சுட்டான், ராஜா மாதிரி சாப்பிட்டுக்கிட்டு ஊரெல்லாம் கதை பேசிக்கிட்டுத் திரியறேன். உங்களுக்குக் கெடைக்கல. அது என்னாலதான். அஞ்சு மணிக்குத் தாடி வருவான், ஏணி பிடிக்க வருவான். இன்னிக்கு ஏறறதுக்கு முன்னாடி அவன்கிட்டயும் சொல்லிடலாம்னு இருக்கேன். பயமாத்தான் இருக்கு. நீங்க பக்கத்துல நின்னா கொஞ்சம் தெம்பா இருக்கும்.

என்ன? ...ஒண்ணும் சொல்ல வேண்டாம், அழுங்க. அந்தத் துணியிலயே மூக்கையும் சிந்திக்கங்க, லென்ஸுக்கு வேற துணி இருக்கு.

மணி நாலு முப்பத்தஞ்சு. இருங்க, இந்த டியூப் லைட்டை அணைச்சுட்டு வர்றேன். மூணு நாள் இதுக்கடியில உக்காந்தது போதும். ...அப்பாடா, ஙொய்ங் சத்தம் நின்னுச்சு பாத்தீங்களா. இப்ப திரைக்கு அடியில சிவப்பாத் தெரியுதே, அதுதான் வழி. உள்ள ஒரு படி எறங்கணும், பாத்து. ரெண்டாவது வரிசையில எடம் இருக்கு. ஒன்பதாவது நிமிஷத்துல உங்க பையன் நேரா நம்மளைப் பாத்துச் சிரிப்பான், கண்ணை மூடிடாதீங்க. கையைக் குடுங்க. வாங்க சம்பந்தி.